என் மகளின் ஷூ பேனா ஸ்டாண்ட் ஆனது

பட்டியலைப் பார்த்ததும் முதலில் சிரிப்புதான் வந்தது. கோபம் வர இரண்டு நிமிடம் ஆனது. என் மகள் அப்போது ஐந்தாம் வகுப்பு. வகுப்பு வாட்ஸப் குழுவில் அவளுடைய மிஸ் ஓர் அறிவிப்பு போட்டிருந்தார். பள்ளிக் கண்காட்சிக்கு ஒவ்வொரு பிள்ளையும் களிமண்ணில் ஏதாவது ஒரு பொருள் செய்துகொண்டு வர வேண்டும். கையாலேயே செய்ய வேண்டும், அச்சு கூடாது, பெற்றோர் உதவி கூடவே கூடாது. கீழே யோசனைகள் என்று ஒரு வரிசை: இக்லூ, பென்குவின், பனிமனிதன், டோனட், ஆந்தை, காளான் வீடு.

ஆம்பூரில் இக்லூ! எங்கள் ஊர் வெயிலில் ஒரு மத்தியானம் பஸ் ஸ்டாண்டில் நின்று பார்த்தவர்களுக்கு இப்படி ஒரு எண்ணம் வராது. எந்த ஊர்ப் பிள்ளைகளுக்காகவோ யாரோ எழுதியதை இணையத்திலிருந்து எடுத்து அப்படியே ஒட்டியிருந்தார்கள். பென்குவினை என் மகள் கார்ட்டூனில் பார்த்திருக்கிறாள். டோனட்டை வேலூரில் ஒரு கடைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்திருக்கிறாள். பார்த்ததைச் செய், தொட்டதைச் செய், உன் வீட்டில் இருப்பதைச் செய் என்று பிள்ளைகளிடம் சொல்ல இவர்களுக்கு என்ன கேடு வந்தது?

அதைச் சொல்லாமலே என் மகள் புரிந்துகொண்டாள் என்பதுதான் இதில் வேடிக்கை. பட்டியலை ஒரு தரம் படித்துவிட்டு, "இதுல எதுவும் வேணாம்மா, நான் ஷூ செய்றேன்" என்றாள்.

நான் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் லைன் சூப்பர்வைசர். வெட்டி வரும் தோல் துண்டுகள் என் லைனில் நாற்பது பெண்களின் கையில் ஒன்றோடொன்று சேர்ந்து ஷூவின் மேல் பாகமாக வெளியே போகும். பதினெட்டு வயதில் மெஷினில் உட்கார்ந்தேன், இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறேன். எங்கள் வீட்டு அலமாரியில் சாமி படத்துக்குப் பக்கத்துத் தட்டில் நாலைந்து ஷூக்கள் நிற்கும். எல்லாம் வலது கால் மட்டும். வெளிநாட்டுக்காரன் பார்த்துச் சரி சொல்வதற்காகச் செய்யும் சாம்பிளை எங்கள் கம்பெனியில் ஒரு காலுக்குத்தான் செய்வோம். வேண்டாமென்று ஒதுக்கியதைக் கேட்டு வாங்கி வந்து வைத்திருந்தேன். அவள் நடக்கப் பழகின நாளிலிருந்து அவற்றைத் தூக்கிவைத்து விளையாடியவள்.

மண்ணுக்கு அலைந்த கதை தனி. எங்கள் பக்கத்து ஏரி மண்ணைத் தொட நான் விடமாட்டேன். எந்த ஏரிக்கு எந்தத் தோல் பதனிடும் ஷாப்பின் கழிவுத் தண்ணீர் போயிற்று என்பது இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தெரியும், வெளியூரிலிருந்து வந்து அறிவிப்பு போடுகிறவர்களுக்குத் தெரியாது. "இயற்கையான களிமண்ணை அருகிலுள்ள ஏரியிலிருந்து எடுக்கலாம்" என்று அதில் எழுதியிருந்தது. எடுத்துக் கை அரிப்பெடுத்தால் யார் பதில் சொல்வார்கள்? பாதிப் பெற்றோர் கடையில் விற்கும் கலர் கலரான களிமண்ணை வாங்கினார்கள். அதில் மண் என்பதே கிடையாது, ரப்பர் மாதிரி இழுபடும், வாசனை வேறு போட்டிருப்பார்கள். மீதிப் பாதிப் பேர் செய்து முடித்த பொம்மையையே வாங்கினார்கள். பள்ளிக்கு எதிரே இருக்கும் ஸ்டேஷனரி கடையில் கண்காட்சிக்கு ஒரு வாரம் முன்பு இக்லூக்கள் வரிசையாக வந்து உட்கார்ந்துவிட்டன. பெற்றோர் உதவி கூடாது என்று சொன்ன அதே மிஸ் தினமும் அந்தக் கடையைத் தாண்டித்தான் பள்ளிக்குள் நுழைகிறார்.

என் வீட்டுக்காரருடைய தம்பி அமிர்தி பக்கம் நிலம் வைத்திருக்கிறார். அங்கே கிணறு தூர் வாரினபோது கிடைத்த மண்ணை ஒரு சாக்கில் கட்டி பைக்கில் கொண்டுவந்து கொடுத்தார். நல்ல மண். என் மகள் கல் பொறுக்கி, தண்ணீர் தெளித்து, பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடிவைத்தாள். எல்லாம் அவளே. நான் உதவவில்லை. இதை யாரும் நம்பவில்லை என்பதால் அழுத்திச் சொல்கிறேன்: என் விரல் அந்த மண்ணில் படவே இல்லை. பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என் லைன் பெண்களைக் கேட்டால் சொல்வார்கள்.

அவள் செய்த விதத்தைப் பார்த்துத்தான் வாயடைத்துப் போனேன். மற்ற பிள்ளைகளைப் போல உருண்டை பிடித்துக் குடைந்து ஷூ மாதிரி ஒன்றை அவள் செய்யவில்லை. சார்ட் அட்டையில் முதலில் பேட்டர்ன் வெட்டினாள். முன்பக்கத்துக்கு ஒரு துண்டு, பக்கவாட்டுக்கு இரண்டு, லேசுக்கு அடியில் வரும் நாக்குக்கு ஒன்று, அடிக்கு ஒன்று. ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார வேண்டிய ஓரங்களில் அரை இஞ்ச் கூடுதலாக விட்டாள். "இது எதுக்குடி?" என்றேன், தெரியாதவளைப் போல. "அலவன்ஸ்மா. இல்லன்னா ஜாயின்ட் விட்டுடும்" என்றாள். நான் போனில் பேசுவதைக் கேட்டே கற்றுக்கொண்டிருக்கிறாள்.

இரண்டு பக்கமும் ஸ்கேலை வைத்து, நடுவில் மண்ணைப் போட்டுச் சப்பாத்திக் கட்டையால் தேய்த்தாள். ஸ்கேல் உயரத்துக்கு மேல் கட்டை இறங்காது, அதனால் தகடு எங்கும் ஒரே கனம். அதன் மேல் அட்டையை வைத்துக் கத்தியால் வெட்டினாள். தன் பழைய சாக்ஸில் மணலை அடைத்துக் கால் வடிவத்துக்குத் தட்டி, அதன் மேல் துண்டுகளைப் போர்த்தினாள். ஓரங்களை முள்கரண்டியால் கீறி, மோர் பதத்துக்குக் கரைத்த மண்ணைத் தடவி, அழுத்தி ஒட்டினாள். கடைசியில் காம்பஸ் முனையால் ஓரம் முழுக்கத் தையல் புள்ளி வைத்தாள். ஒரு இஞ்சுக்கு எட்டுப் புள்ளி. ஸ்கேலை வைத்து எண்ணி எண்ணி வைத்தாள். என் லைனில் ஒரு இஞ்சுக்கு எட்டுத் தையல் இல்லாவிட்டால் நான் பிரிக்கச் சொல்லிவிடுவேன்.

முதல் ஷூவை அவசரப்பட்டு மொட்டை மாடி வெயிலில் வைத்ததில் விரிசல் விட்டுவிட்டது. அழுதாள். நானும் அவள் அப்பாவும் வாயை மூடிக்கொண்டிருந்தோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஆரம்பித்தாள். இந்த முறை ஈரத்துணிக்கு அடியில் வைத்து, கட்டிலுக்குக் கீழே நிழலில் நாலு நாள் காயவிட்டு, ஓரளவு இறுகியதும் சாக்ஸிலிருந்த மணலைக் கொட்டிவிட்டுச் சாக்ஸை உருவினாள். ஷூ நின்றது. காய்ந்து முடிந்ததும் தன் காலோடு ஒட்டிவைத்து அளந்து பார்த்துவிட்டு, "ரெண்டு சைஸ் கம்மியாய்டுச்சும்மா" என்று ரொம்ப வருத்தப்பட்டாள். மண் காய்ந்தால் சுருங்கும் என்று எனக்கும் அன்றுதான் தெரிந்தது.

வலது கால் மட்டும்தான் செய்தாள். இடது கால் வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. சாம்பிள் என்றால் ஒரு கால்தானே. எனக்கும் தோன்றவில்லை. எங்கள் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கும் எங்களைப் போன்றவர்களுக்கும்தான் இப்படி ஒரு தப்பு நடக்கும் போலிருக்கிறது. பள்ளியில் முதல் கேள்வியே அதுதான்.

கண்காட்சிக்கு முன்பே ஒப்படைக்க, அட்டைப்பெட்டியில் பஞ்சு வைத்து அவள் கொண்டுபோனாள். அன்று எனக்கு இரண்டாவது ஷிப்ட், அதனால் நானும் கூடப் போயிருந்தேன். மிஸ் பெட்டியைத் திறந்து பார்த்தார். சின்ன வயசுப் பெண், கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. "ஒன்னுதானா? இன்னொரு கால் எங்க?" என்றார்.

"சாம்பிள் ஒரு கால்தான் மிஸ்" என்றாள் என் மகள். மிஸ்ஸுக்குப் புரியவில்லை. நான் விளக்கினேன். அவர் தலையாட்டிவிட்டு என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. இத டேபிள் மேல வைக்க முடியாது."

"ஏன் மிஸ்?"

"செருப்பு இல்லையா மேடம். பக்கத்துலயே குத்துவிளக்கு ஏத்துவாங்க, பிரேயர் பாடுவாங்க. கெஸ்ட் எல்லாம் வராங்க. எனக்கு ஒன்னும் இல்ல, பெரியவங்க யாராவது எதுனா சொல்வாங்க."

"இது மண்ணு மிஸ். யாரும் கால்ல போட்டது இல்ல."

"தெரியும் மேடம். ஆனா பாக்கறதுக்குச் செருப்பு மாதிரிதானே இருக்கு? வேணும்னா வாசல் பக்கம் ஒரு ஸ்டூல் போட்டு வைக்கலாம்."

வாசல் பக்கம்! அந்த ஹாலுக்குள் யாரும் செருப்போடு போகக் கூடாது. எல்லோரும் கழற்றிவிடும் இடம் அந்த வாசல்தான். என் மகள் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, எண்ணி எண்ணிப் புள்ளி குத்தின ஷூவை ஊரார் செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் வைக்கலாம் என்று அந்தப் பெண் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது.

தலைமை ஆசிரியை அறைக்கு நேராகப் போனேன். அவரும் கத்தவில்லை, மரியாதையாகத்தான் பேசினார். "எங்களுக்கு அந்த மாதிரி வித்தியாசம் எதுவும் கிடையாதும்மா. ஆனா பேரன்ட்ஸ்ல பல தரப்பட்டவங்க இருக்காங்க. ஏன் வம்பு? பாப்பா இன்னொன்னு செய்யட்டுமே. ஆமை செய்யலாம், ஈஸி."

மிஸ்ஸுக்கு ஒன்றும் இல்லையாம், பெரியவர்கள் சொல்வார்களாம். பெரியவருக்கு ஒன்றும் இல்லையாம், பெற்றோர் சொல்வார்களாம். அந்தப் பெற்றோர் யார்? அந்த வகுப்பில் பாதி வீடுகளில் தோல் ஷாப்பிலோ ஷூ கம்பெனியிலோ யாராவது வேலை செய்கிறார்கள். காலையில் கம்பெனி பஸ்கள் போகும்போது ரோட்டைக் கடக்க முடியாது. அந்தச் சம்பளத்தில்தான் இந்தப் பள்ளிக்குப் பிள்ளைகள் வருகிறார்கள். பள்ளி ஆண்டு விழாவுக்கு மேடை போட்டுக் கொடுப்பது ஷூ கம்பெனி. ஹாலுக்கு ஃபேன் வாங்கிக் கொடுத்தது தோல் வியாபாரி, இறக்கையிலேயே பேர் எழுதியிருக்கிறது. ஷூ விற்று வாங்கின ஃபேன் காற்று ஆகும், ஷூ மட்டும் ஆகாது.

தோல் என்றால் ஏன் சிலர் முகம் சுளிக்கிறார்கள் என்பதற்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும். அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. "விளக்கு ஏத்துவாங்க" என்பார்கள், "கெஸ்ட் வராங்க" என்பார்கள். நான் அன்று அந்த அறையில் அதைச் சொல்லிவிட்டேன். "மேடம், செருப்பு பிரச்சினை இல்ல, செருப்பு தைக்கிறவங்கதான் பிரச்சினை. அதச் சொல்லுங்க." தலைமை ஆசிரியை முகம் சிவந்துபோனது. "நீங்க ரொம்ப ஜாஸ்தி யோசிக்கிறீங்க" என்றார். கடைசியில், எப்படியாவது ஒரு வழி பண்ணுகிறோம், ஷூ மேசை மேல் இருக்கும், நீங்கள் கவலைப்படாமல் போங்கள் என்று வாக்குக் கொடுத்தார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு ஷிப்டுக்குப் போனேன். அன்று முழுக்க லைனில் இந்தக் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பெண்கள் மெஷினை நிறுத்தாமலே கேட்டுச் சிரித்தார்கள். "சூப்பர்வைசரக்கா கிட்ட மாட்டிக்கிட்டாங்க பாவம்" என்றாள் ஒருத்தி.

வீட்டுக்காரர் மட்டும், "எதுக்கு இவ்ளோ பேஜாரு? பிள்ளைய அங்கதான படிக்க வைக்கணும்" என்றார். நான் அவரோடும் சண்டை போட்டேன்.

கண்காட்சியன்று லீவு போட்டுவிட்டுப் போனேன். நல்ல புடவை கட்டிக்கொண்டு போனேன். ஹாலில் மேசை மேசையாக இக்லூ. எண்ணவில்லை, எண்ணினால் இன்னும் கோபம் வரும் என்று விட்டுவிட்டேன். ஸ்டேஷனரி கடை ஸ்டிக்கரைக்கூடச் சுரண்டாமல் ஒன்று இருந்தது. பிள்ளைகள் நிஜமாகவே செய்த சாமான்களும் இருந்தன, இல்லையென்று சொல்ல முடியாது. ஒரு பையன் செய்த சட்டி ஒரு பக்கம் சாய்ந்து, கைப்பிடி ஒட்டின இடத்தில் விட்டுப்போயிருந்தது. எனக்கு அதைப் பிடித்திருந்தது. அதைப் பின்வரிசையில் தள்ளியிருந்தார்கள்.

என் மகளின் ஷூ முன்வரிசையில்தான் இருந்தது. வாக்குக் கொடுத்தபடியே. அதற்குள் ஏழெட்டுப் பேனாக்களைச் சொருகியிருந்தார்கள். சிவப்பு, நீலம், ஜிகினா வைத்தது ஒன்று. நாக்குத் துண்டு பேனாக்களுக்குப் பின்னால் மறைந்துபோயிருந்தது. தையல் புள்ளி வைத்த பக்கத்தில் தங்க நிறக் காகிதத்தில் ஒரு பூ ஒட்டியிருந்தது. முன்னால் ஒரு அட்டை: "பேனா ஸ்டாண்ட்." அதன் கீழே என் மகள் பெயரும் வகுப்பும்.

அந்த எழுத்தை உடனே அடையாளம் தெரிந்தது. அவள் கையெழுத்துதான். முத்து முத்தாக இருக்கும். அவளையே எழுத வைத்திருக்கிறார்கள்.

அவள் மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். மிஸ் என்னிடம் ஓடி வந்தார். "மேடம், பாருங்க, ஃபர்ஸ்ட் ரோ! இப்ப யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க." அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். எனக்காக ஒரு உதவி செய்துவிட்டதாகவே அவர் நினைத்தார். பேனாக்களைப் பிடுங்கி எறிய வேண்டும் என்று கை பரபரத்தது. அதற்குள் கைதட்டல் கேட்டது, சிறப்பு விருந்தினர் உள்ளே வந்துவிட்டார்.

வந்தவர் எங்கள் கம்பெனியின் தொழிற்சாலை மேனேஜர். அவருக்கு என்னைத் தெரியாது. எத்தனையோ லைன், எத்தனையோ சூப்பர்வைசர், முகம் ஞாபகம் இருக்க வேண்டியதில்லை. ஷூவை வாசலில் கழற்றிவிட்டு, கறுப்பு சாக்ஸோடு மேசை மேசையாக நடந்து வந்தார். விளக்கு ஏற்றினார்கள், பிரேயர் பாடினார்கள். எல்லா இக்லூவையும் பார்த்து "வெரி குட்" என்றார். என் மகளின் மேசைக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

அவருக்குத் தெரிந்துவிட்டது. இருபது முப்பது வருடம் ஷூவையே பார்த்த கண் இல்லையா? பேனாக்களோடு சேர்த்துத் தூக்கினார். முன்பக்கத்தைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார், கம்பெனியில் பார்ப்பது போலவே. பக்கவாட்டில் திருப்பி ஜாயின்ட்டைப் பார்த்தார். புள்ளிகளின் மேல் விரலை ஓட்டினார். கேள், கேள் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டார்.

"இன்னா பாப்பா இது?"

என் மகள் மிஸ்ஸைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்திருக்கலாம். நாற்பது மெஷின் சத்தத்துக்கு மேலே என் குரல் கேட்கும், அந்த ஹாலுக்கு என் குரலில் பாதி போதும். ஆனால் முன்னால் நின்றது என் மேனேஜர். தலைமை ஆசிரியையிடம் எகிறின நான், அவருக்கு முன்னால் பள்ளிப் பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அந்தக் கையை நினைத்தால் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

"பேனா ஸ்டாண்ட் சார்" என்றாள்.

அவர் ஒரு நொடி அவளையே பார்த்தார். தலைமை ஆசிரியையைப் பார்த்தார். விஷயம் புரிந்திருக்க வேண்டும். "ஓ, பேனா ஸ்டாண்ட். வெரி குட், வெரி நீட்" என்று சிரித்துவிட்டு, கீழே வைத்துவிட்டு, அடுத்த இக்லூவுக்குப் போனார். ஷூவால் சோறு சாப்பிடுகிற மனிதர். அவருக்கு அங்கே யாரைக் கண்டு பயம்? நாக்கு வரைக்கும் வந்த ஒரு வார்த்தையை விழுங்கிக்கொண்டு போய்விட்டார். நானும்தான் விழுங்கினேன், ஆனால் அவர் மேலேயும் எனக்கு மன்னிப்பு கிடையாது.

ஆறுதல் பரிசு கொடுத்தார்கள். சான்றிதழில் பொருளின் பெயர் போட ஒரு கட்டம் இருந்தது. என்ன எழுதியிருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

ஹாலை விட்டு வந்ததும் முதல் வேலையாக எல்லாப் பேனாவையும் உருவி மிஸ் கையில் கொடுத்தேன். தங்கப் பூவைப் பிய்த்தபோது அதோடு நாலு புள்ளியும் பெயர்ந்து வந்துவிட்டது. ஷூவைத் துண்டில் சுற்றி அவள் மடியில் வைத்துக்கொண்டாள். ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தாள். நான் வழி நெடுக மிஸ்ஸைத் திட்டினேன், தலைமை ஆசிரியையைத் திட்டினேன், மேனேஜரைப் பேர் சொல்லித் திட்டினேன். நீ செய்தது ஷூடி, இந்த ஊரிலேயே யாரும் செய்யாத ஷூ என்றேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாளா என்று தெரியவில்லை.

ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டியை நிறுத்தினதும் முதுகுக்குப் பின்னாலிருந்து, "அம்மா" என்றாள்.

"இன்னாடி?"

"வர்ற வாரம் இங்கிலீஷ் மிஸ் 'என் அம்மா'ன்னு பேசச் சொல்லிருக்காங்க. எல்லாரும் முன்னாடி போய்ப் பேசணும். நீ இன்னா வேலை செய்றன்னு சொல்லட்டும்?"

"ஷூ கம்பெனில தையல் லைன் சூப்பர்வைசர்னு சொல்லு. சத்தமா சொல்லு."

ரயில் போய் முடிந்து, கேட் திறந்து, பின்னாலிருந்த வண்டிகள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன. அப்போது என் தோளைத் தொட்டுக் கேட்டாள்.

"ஷூன்னு வராம சொல்றதுக்கு எதுனா இருக்காம்மா?"

வம்புக்குக் கேட்கவில்லை. பேனா ஸ்டாண்ட் மாதிரி ஒரு வார்த்தையை எனக்கும் தேடிக்கொண்டிருந்தாள்.